பெரிய அணிக்கு நேர்மாறு காணல்: மாட்லாப், ஆக்டேவ், நம்பை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில், 100 ஹெக்டர் நிலத்தில் மரவாரியாகக் குலைகளை எண்ணி, ஒவ்வொரு மரத்தின் இருப்பிடத்தையும் ஜிபிஎஸ் கருவியில் பதிந்து வைத்திருக்கிறார்கள். முக்கோண நடவில் மரத்துக்கு மரம் 9 மீட்டர் இடைவெளி விட்டால் ஹெக்டருக்கு ஏறத்தாழ 142 மரங்கள் வரும்; மொத்தம் 14,000 என்று கொள்ளலாம். எந்தப் பகுதியில் விளைச்சல் உண்மையிலேயே குறைகிறது என்பதைக் கிரிகிங் முறையில் (அளந்த இடங்களின் மதிப்புகளிலிருந்து மற்ற இடங்களின் மதிப்பைக் கணிக்கும் முறை) வரைபடமாக்க வேண்டுமானால், 14,000 நிரைகளும் 14,000 நிரல்களும் கொண்ட உடன்மாறுபாட்டு அணி (ஒவ்வோர் இரு மரங்களின் விளைச்சலும் எவ்வளவு சேர்ந்து மாறுகிறது என்று காட்டும் எண் அட்டவணை) ஒன்றைக் கையாண்டாக வேண்டும். பாடநூல் சூத்திரத்தில் அந்த அணியின் நேர்மாறுதான் (அணியோடு பெருக்கினால் அலகு அணியைத் தருவது) நிற்கிறது. "தம்பி, இதுக்கு மாட்லாப் வாங்கித்தான் ஆகணுமா?" என்று தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலையே இங்கு விரித்து எழுதுகிறேன்.

வேகத்தை மட்டும் பார்த்தால் மூன்றுக்கும் இடையே பலர் நினைக்கும் அளவுக்கு வேறுபாடு இல்லை. கட்டணம் செலுத்தி வாங்கும் கணிப்பு மென்பொருளான மாட்லாப், அதன் கட்டளை நடையைப் பெரிதும் பின்பற்றும் இலவச மென்பொருளான ஆக்டேவ், பைத்தான் நிரல் மொழியின் எண்கணக்கு நூலகமான நம்பை ஆகிய மூன்றுமே அடர்ந்த (பெரும்பாலும் பூஜ்யமல்லாத உறுப்புகள் கொண்ட) அணிகளுக்கு 1992இல் வெளிவந்த லாபேக் என்னும் நிரல் தொகுப்பின் வழிமுறைகளையே அழைக்கின்றன. வேகத்தைத் தீர்மானிப்பது அதற்கும் கீழே, அணிப் பெருக்கல் போன்ற அடிப்படைக் கணக்குகளைச் செய்யும் பிளாஸ் நூலகம். மாட்லாப் பெரும்பாலான கணினிகளில் இன்டெல் நிறுவனத்தின் எம்கேஎல் நூலகத்துடன் வருகிறது. நம்பையும் ஆக்டேவும் பெரும்பாலும் ஓபன்பிளாஸைப் பயன்படுத்துகின்றன. செம்மைப்படுத்தாத பழைய பிளாஸுடன் நிறுவப்பட்ட ஆக்டேவ் மிகவும் மெதுவாக ஓடும். அதைப் பார்த்துவிட்டு ஆக்டேவையே குறை சொல்வது நியாயமன்று.

உண்மையான போட்டி, நேர்மாறை வெளிப்படையாகக் கணக்கிடுவதற்கும், அதைக் கணக்கிடாமல் சமன்பாட்டுத் தொகுதியை நேரடியாகத் தீர்ப்பதற்கும் இடையில்தான் இருக்கிறது. ஓர் எண்ணுக்கு 8 பைட் வீதம் நம் அணிக்கு மட்டும் ஏறத்தாழ 1.57 ஜிபி நினைவகம் வேண்டும். நேர்மாறுக்கு அதே அளவு இன்னொரு முறை. நேர்மாறு காண ஏறத்தாழ 5.5 டிரில்லியன் கூட்டல் பெருக்கல்கள் தேவைப்படும். எல்-யு காரணிப்படுத்தலுக்கு (அணியை இரு முக்கோண அணிகளின் பெருக்கமாகப் பிரித்தல்) அதில் மூன்றில் ஒரு பங்கும், நம் உடன்மாறுபாட்டு அணி போன்ற சமச்சீரான நேர்நிலை அணிகளுக்கு உரிய சோலெஸ்கி முறைக்கு ஆறில் ஒரு பங்கும் போதும். நொடிக்கு 50 பில்லியன் கணக்குகள் செய்யும் மடிக்கணினியில் முதலாவது 110 நொடி எடுத்தால் கடைசி முறை 18 நொடியில் முடிந்துவிடும். அந்த முறையை வகுத்த ஆந்த்ரே லூயி சோலெஸ்கி, நில அளவைப் பணியில் இருந்த பிரெஞ்சு இராணுவ அதிகாரி. அவர் 1918இல் போரில் இறந்தார். அவருடைய முறை 1924இல்தான் அச்சில் வந்தது. நிலத்தை அளந்தவர் தந்த கணக்கு இன்று செம்பனை நிலத்துக்கும் உதவுவதை எண்ணி எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி உண்டு.

மாட்லாபிலும் ஆக்டேவிலும் தொகுதியைத் தீர்க்கப் பின்சாய்கோட்டுக் குறியை (\) இட்டால் போதும். அணி சமச்சீராகவும் மூலைவிட்ட உறுப்புகள் நேர்ம எண்களாகவும் இருந்தால், அவை தாமாகவே சோலெஸ்கியை முயன்று பார்க்கும். நம்பையின் தீர்வுக் கட்டளை அதைச் சோதிக்காமல் எல்-யு வழியிலேயே செல்லும். சோலெஸ்கிதான் வேண்டுமென்றால், நம்பையின் மேல் அமைந்த பைத்தான் நூலகமான சைபையின் தீர்வுக் கட்டளையில் அணியின் வகையை நாமே குறிப்பிடலாம்.

ஆனால் வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது எச்சரிக்கை. முதல் முயற்சியில் நான் நம்பையில் நேர்மாறு கண்டு வரைபடம் போட்டேன். ஒரு மூலையில் மரத்துக்கு மைனஸ் நூற்றுக்கணக்கில் குலைகள் என்று காட்டியது. பதிவேட்டைப் புரட்டியபோது, ஒரே மரம் சில சென்டிமீட்டர் வேறுபாட்டில் இருமுறை பதிவாகியிருந்தது; ஒன்றில் 7 குலைகள், மற்றொன்றில் 11. அளவீட்டுப் பிழைக்கான மாறுபாட்டை மூலைவிட்டத்தில் கூட்ட நான் மறந்திருந்ததால், ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்த இரண்டு நிரைகள் அணியை நேர்மாறற்ற நிலைக்கு மிக அருகில் தள்ளிவிட்டன. நம்பையின் நேர்மாறுக் கட்டளை, காரணிப்படுத்தும்போது சரியாகப் பூஜ்யம் தட்டுப்பட்டால்தான் பிழை காட்டும். அதற்கு மயிரிழை தள்ளி நின்றாலும் மௌனமாக விடையைக் கொடுத்துவிடும். அதே அணியை ஆக்டேவில் கொடுத்தபோது, இயந்திரத் துல்லியத்தில் இவ்வணி நேர்மாறற்றது என்ற எச்சரிக்கை உடனே திரையில் வந்தது. மாட்லாபும் அவ்வாறே எச்சரிக்கும். சைபையின் தீர்வுக் கட்டளைக்கும் இந்தப் பண்பு உண்டு. ஆகவே பைத்தானில் எழுதுவோர் நம்பையின் நேர்மாறுக் கட்டளையை விட்டுவிட்டு இதற்கு மாறிக்கொள்ளும்படி அழுத்தமாகவே சொல்வேன்.

மரத்தை அதன் அண்டை மரங்களுடன் மட்டும் இணைக்கும் மாதிரியை எடுத்துக்கொண்டால் கணக்கே மாறிவிடும். முக்கோண நடவில் ஒரு மரத்துக்கு ஆறு அண்டை மரங்கள். நிரைக்கு ஏழு உறுப்புகள் வீதம் அணியில் பூஜ்யமல்லாதவை 98,000க்கு மேல் போகாது. அதன் நேர்மாறிலோ பொதுவாக 19 கோடியே 60 இலட்சம் உறுப்புகளும் நிரம்பிவிடும். இத்தகைய அணிக்கு நேர்மாறு கேட்பது நம் கையிலிருந்த வசதியை நாமே கெடுத்துக்கொள்வதாகும். ஐதான (பெரும்பாலும் பூஜ்யங்களே நிறைந்த) அணிகளுக்கென்று மாட்லாபிலும் ஆக்டேவிலும் தனித் தீர்வு முறைகள் இருக்கின்றன; பைத்தானில் அவை நம்பையில் அல்ல, சைபையில் இருக்கின்றன.

கிராணிக்கு ஆக்டேவைப் பரிந்துரைத்தேன். கட்டணம் இல்லை, எச்சரிக்கை தவறாமல் வருகிறது, பின்சாய்கோடு ஒன்றைக் கற்றுக்கொண்டாலே அவருடைய வேலை நடக்கும். என் வேலைக்கு நான் சைபையை வைத்துக்கொண்டேன். இரட்டைப் பதிவை நீக்கி, மூலைவிட்டத்தில் பிழை மாறுபாட்டையும் சேர்த்தபின், இரண்டு மென்பொருள்களும் வரைந்த வரைபடங்களில் தோட்டத்தின் அதே தாழ்வான ஓடைக்கரைப் பகுதிதான் குறைந்த விளைச்சலுடன் தெரிந்தது.