எட்டு குளிர்காலம் தாண்டிய பிளைவுட் கேரவன்: எது நின்றது, எது இற்றது

எங்கள் கேரவனின் உட்சுவரில் 22 இடங்களில் பென்சிலால் சின்னச் சின்ன எண்கள் எழுதியிருக்கும். ஜன்னல் மூலைகள், கூரை சுவரைத் தொடும் விளிம்பு, சக்கரத்துக்கு மேலே வளைந்த பெட்டி, கட்டிலுக்கு அடியில் தரை. மாதம் ஒரு முறை என் மனைவி, மரத்தின் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும் ஈரமானியின் இரண்டு ஊசிகளை அந்த இடங்களில் அழுத்தி, வருகிற எண்ணை நோட்டில் குறித்து வைப்பாள். 2017 மார்ச்சில் வேலை முடிந்த நாளிலிருந்து அந்த நோட்டு தொடர்கிறது. வேலை முடிந்த அன்று எந்தக் கேரவனும் அழகாகத்தான் இருக்கும். எட்டு குளிர்காலம் தாண்டிய பிறகு எப்படி இருக்கிறது என்று யாரும் அதிகம் எழுதுவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேரவன் என்றால் நம் ஊரில் படப்பிடிப்புத் தளத்து ஏசி வண்டி நினைவுக்கு வரும். நான் சொல்வது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற, எஞ்சின் இல்லாத, இரண்டே சக்கரம் கொண்ட குட்டி வீடு. நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்து ஜிலாங் நகரில். இங்கே பழைய பிளைவுட் கேரவனை ‘பாண்ட்வுட்’ என்பார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்த நாட்டில் பிளைவுட் தொழில் நன்றாக வளர்ந்தது. சிட்னிக்குப் பக்கத்தில் பேங்ஸ்டவுனில் மஸ்கிட்டோ போர் விமானத்தையே பிளைவுட்டில் கட்டினார்கள். போர் முடிந்து, 1950 பிப்ரவரியில் பெட்ரோல் ரேஷனும் நீங்கியதும், ஜனங்கள் காரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினார்கள். மரச்சட்டம் கட்டி அதன்மேல் மெல்லிய பிளைவுட் அடித்த கேரவன்கள் ஊருக்கு ஊர் பட்டறைகளில் உருவாயின. அறுபதுகளில் அலுமினியத் தகடு வந்ததும் அந்தக் காலம் மெல்ல முடிந்தது.

எங்களுடையது 1961இல் செய்தது. 14 அடி நீளம். செய்தவர் பெயர்ப்பலகை எதுவும் இல்லை. 2015இல் ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து 2,200 டாலருக்கு வாங்கினோம். பார்த்தபோது உள்ளே தேன் நிற வார்னிஷோடு அலமாரிகள் எல்லாம் அப்படியே இருந்தன. அதில்தான் மனம் விழுந்தது. ஆனால் ஸ்க்ரூடிரைவரால் முன்பக்கக் கீழ் மூலையைக் குத்திப் பார்த்தால் பிடி வரை உள்ளே போனது.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு விஷயங்களில் அவசரப்படவே கூடாது. ஒன்று, அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சாம்பல் நிறப் பலகை. அந்தக் காலத்தில் அங்கே ஆஸ்பெஸ்டாஸ் வைப்பது வழக்கம். ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பினோம், ஆஸ்பெஸ்டாஸ்தான் என்று வந்தது. உரிமம் பெற்றவர்களை வைத்து அகற்றினோம். இன்னொன்று, பழைய பெயின்ட். அறுபதுகளின் பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்க்காதீர்கள், நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். முகமூடி இல்லாமல் வேலை நடந்த கொட்டகைக்குள் குழந்தைகளை விடவே இல்லை.

19 மாத வார இறுதிகள் போயின. பிரித்துப் பார்த்ததில் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இற்றுப்போயிருந்தது. நல்ல கட்டைகளை அப்படியே விட்டு, போனதை மட்டும் அதே அளவில் இழைத்துப் போட்டோம். வெளிச்சுவருக்கு 4 மில்லிமீட்டர் மெரின் பிளை, படகு கட்டப் பயன்படும் பிளைவுட். ஷீட்டின் நீளம் 2.4 மீட்டர்தான், சுவரோ நாலு மீட்டருக்கு மேல். ஆகவே இரண்டு ஷீட்டுகளை இணைத்தாக வேண்டும். முனைகளைச் சாய்வாக இழைத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டும் சாய்வு மூட்டுதான் போட்டோம். படகுக்காரர்கள் கணக்கு எட்டுக்கு ஒன்று: 4 மில்லிமீட்டர் பலகைக்கு 32 மில்லிமீட்டர் சாய்வு. பொறுமையைச் சோதிக்கிற வேலை. ஆனால் எட்டு வருடத்தில் அந்த மூட்டுகளில் மயிரிழைக் கீறல்கூட இல்லை. முன்பக்க வளைவுக்கு 3 மில்லிமீட்டர் பிளையை இரண்டு அடுக்காக, சுடுதண்ணீர்த் துணி போர்த்தி வளைத்து, காயவிட்டு, பிறகு ஒட்டினோம். அதுவும் அப்படியே நிற்கிறது.

கூரையில் பழைய முறைப்படி பெயின்டில் ஊறவைத்த கேன்வாஸ் இருந்தது. அதை எடுத்துவிட்டு எபாக்சி என்ற கெட்டிப்படும் பிசினில் கண்ணாடி இழைத் துணி போர்த்தி, மேலே வெள்ளை பெயின்ட் அடித்தோம். எபாக்சி வெயிலைத் தாங்காது, பெயின்ட் அதற்குக் குடை மாதிரி. ஐந்தாம் வருடம் ஒரு கோட் புதிதாக அடித்ததோடு சரி. பழைமையை அப்படியே காக்க நினைப்பவர்கள் கேன்வாஸே போடுவார்கள். அதை மதிக்கிறேன். ஆனால் வெளியே நிறுத்துகிற வண்டிக்கு எங்கள் முறையைத்தான் சொல்வேன்.

சரி, இனி எது கைவிட்டது என்று சொல்கிறேன்.

2020 ஆகஸ்ட், இங்கே குளிர்காலம், ஊரடங்கு நேரம். வண்டி எங்கேயும் போகாமல் வீட்டு வாசலில் நின்றது. மனைவி நோட்டோடு வந்து, “ஏழாம் நம்பர் 24 காட்டுதுங்க. போன மாசம் 15தான்” என்றாள். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் பூஞ்சை பிடித்து இற்றுப்போக ஆரம்பிக்கும் என்பது பொதுக் கணக்கு. ஏழாம் எண் பின் ஜன்னலுக்குக் கீழே, வலது மூலை. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. உள்ளே ஒரு கறைகூட இல்லை. நம்ப மனமில்லாமல் இன்னும் ஒரு வாரம் பார்த்தேன். 27 ஆனது. பிரித்தேன்.

உள்ளே இருந்தது மூன்று தவறுகள், மூன்றும் நான் செய்தவை. முதலாவது, அந்த மூலையில் லேசாக மென்மையாகியிருந்த ஒரு கட்டையை மாற்றாமல், நீர்த்த எபாக்சியை ஊற வைத்துக் கெட்டிப்படுத்தியிருந்தேன். வெளி ஓடு கல் மாதிரி இருந்தது, அதற்குப் பின்னால் மரம் கறுத்துப் புண்ணாக்காகிக் கிடந்தது. இரண்டாவது, குளிருக்காகச் சுவருக்குள் அடைத்த தெர்மோகோல். அது நனைந்த துணி மாதிரி மரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவதுதான் மூலகாரணம்: ஜன்னலின் நாலு பக்கமும் சிலிக்கான் பசை வைத்து இறுக்க அடைத்திருந்தேன். மேல் விளிம்பில் அது விட்டுப்போய் மழை இறங்கியிருக்கிறது. கீழ் விளிம்பு அடைபட்டிருந்ததால் இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியே இல்லை.

தண்ணீர் வராமல் தடுப்பது மட்டுமே வேலை என்று நினைத்திருந்தேன். ஓடுகிற வண்டி, சாலையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் சட்டம் கொஞ்சம் நெளியும். எந்த அடைப்பும் ஒருநாள் விடும். வந்த தண்ணீர் தானே வெளியேறவும், காற்று பட்டுக் காயவும், தேவைப்பட்டால் கழற்றிப் பார்க்கவும் வழி வைக்க வேண்டும். அந்த மூலையில் புதுக் கட்டை போட்டு, தெர்மோகோலை வண்டி முழுவதிலும் எடுத்துவிட்டு, ஜன்னலுக்கு ப்யூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் பட்டை வைத்தேன். கீழ் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் இடைவெளி விட்டேன். அடுத்த குளிர்காலத்தில் ஏழாம் எண் 14. அதற்குப் பிறகு 16ஐத் தாண்டவில்லை.

சீலன்ட், அதாவது இடுக்குகளை அடைக்கும் பசை விஷயத்தில் என் முடிவு இப்போது உறுதியானது. சிலிக்கான் வேண்டாம். அதன்மேல் பெயின்ட் பிடிக்காது. சுரண்டி எடுத்தாலும் மிஞ்சுகிற படலத்தின்மேல் வேறு எதுவும் ஒட்டாது. பாலியூரித்தேன் அதற்கு நேர்மாறு, விடவே விடாது. கூரை ஜன்னலை அதில்தான் ஒட்டியிருந்தேன். வெயிலில் பிளாஸ்டிக் வெடித்து அதை மாற்ற நேர்ந்தபோது, பிளையின் மேலடுக்கும் சேர்ந்து பிய்ந்து வந்தது. ஒரு மணி நேர வேலைக்கு மூன்று வார இறுதி ஆனது. ப்யூட்டைல் டேப் பல வருடம் மெழுகு மாதிரி மென்மையாக இருக்கும். ஸ்க்ரூவை எடுத்தால் கையோடு உரிந்து வரும். சுவரும் கூரையும் சேரும் விளிம்பில் ஓடுகிற அலுமினியப் பட்டிதான் இந்த வகை வண்டிகள் பலவற்றில் முதலில் ஒழுகும் இடம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை அதை முழுதாகக் கழற்றிப் புது டேப் வைக்கிறேன். ஒரு சனி, ஒரு ஞாயிறு போதும்.

அந்தப் பட்டிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டதில் இன்னொரு பாடம். அப்பல்லோ பே பக்கம் கடலோரத்தில் அடிக்கடி தங்குவோம். உப்புக் காற்றில் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். இப்போது ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் தடுப்புப் பசை தடவித்தான் முறுக்குகிறேன்.

பெயின்ட்: மேலே கிரீம், இடுப்புக்குக் கீழே அடர் பச்சை. கண்ணுக்கு இன்னும் பிடித்த சேர்க்கைதான். ஆனால் அடர் நிறம் வெயிலில் சுடும், பிளை விரியும், விளிம்பில் பெயின்ட் வெடிக்கும். தென்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து அடிக்கும். வாசலில் எப்போதும் ஒரே பக்கம் வடக்கே பார்த்து நின்றதால் அந்தப் பக்கப் பச்சை மூன்றே வருடத்தில் வெளுத்து, மூட்டோரம் கீறல் விட்டது. கிரீம் பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை வெளிர்ப் பச்சைதான். மூடிவைக்கத் தார்ப்பாய் போடாதீர்கள். அதன் அடியில் வேர்த்து, மழையில் நிற்பதைவிட அதிகம் நனையும். 2021இல் மேலே ஒரு தகரக் கூரை போட்டோம், நான்கு பக்கமும் காற்றோட்டமாக. நோட்டில் எல்லா எண்களும் இரண்டு மூன்று புள்ளி இறங்கியது அந்த வருடம்தான். இத்தனை செலவில் அதிகம் பயன் தந்தது எது என்றால் அந்தத் தகரக் கூரையைத்தான் சொல்வேன்.

அடிச்சட்டம், அச்சு வேலையை நான் தொடவில்லை, ஒரு வெல்டரிடம் கொடுத்தேன். பழைய கொக்கி, காரின் பின்னால் அதை மாட்டுகிற 1⅞ அங்குலப் பந்துக்கானது, இன்றைய கார்களில் இருப்பது 50 மில்லிமீட்டர். அதை மாற்றாமல் இழுக்கக் கூடாது. எடை மேடையில் காலியாக 790 கிலோ, சாமான் ஏற்றினால் 960. இங்கே சக்கரத்தில் இறங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம், எனவே அதுவும் புதிது. கேஸ் இணைப்பும் 240 வோல்ட் வயரிங்கும் உரிமம் பெற்றவர்கள் செய்தது. சக்கர பேரிங்குக்கு வருடம் ஒரு முறை கிரீஸ்.

இழுத்துப்போகும்போது முதலில் கவனிக்க வேண்டியது கொக்கியில் இறங்கும் எடை. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அங்கே இறங்க வேண்டும். முதல் பயணத்தில் தண்ணீர்க் கேன்களைப் பின்பக்கம் வைத்துவிட்டோம். பெரிய லாரி ஒன்று தாண்டிப்போன காற்றில் வண்டியின் வால் ஆடியது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் அச்சுக்கு முன்னால் மாற்றினோம். அதற்குப் பிறகு ஒருமுறைகூட ஆடவில்லை. நான் மணிக்கு 85 கிலோமீட்டரைத் தாண்ட மாட்டேன். காருக்கு 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர் என்பது 13 ஆகிறது.

உள்ளே வாழ்வது பற்றி. குளியலறை, கழிவறை கிடையாது. உயரமானவர்கள் குனிய வேண்டும். குளிர்கால இரவில் இரண்டு பேர் மூச்சுவிட்டாலே காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும். எவ்வளவு குளிராக இருந்தாலும் கூரை ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைத்தே தூங்குகிறோம், கம்பளி ஒன்று கூடுதல். ஹால்ஸ் கேப் என்ற மலையூரில் ஒரு ஜூலை இரவு முழுக்க மழை. பிளைவுட் கூரையில் விழும் மழைக்குத் தகரத்தின் இரைச்சல் கிடையாது, மரப்பெட்டிக்குள் இருந்து கேட்கிற தாழ்ந்த ஒலி. விடிந்ததும் நான் முதலில் செய்தது மூலைகளைக் கையால் தொட்டுப் பார்த்ததுதான். எல்லாம் உலர்ந்திருந்தன.

உள் அலமாரிகளை நாங்கள் மாற்றவில்லை. மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தபோது பழைய பூச்சு கரைந்தது, ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு என்று தெரிந்தது. அதன்மேல் புது ஷெல்லாக்கே மெல்லிசாகத் தடவினோம், பழையதோடு கலந்து ஒன்றாகிவிட்டது. யாரோ தேநீர்க் கோப்பை வைத்த வட்டக் கறை மேஜையில் அப்படியே இருக்கிறது. அதைத் தேய்த்து எடுக்க எனக்கு விருப்பமில்லை.

வாங்கிய விலை போக இதுவரை சுமார் 14,000 டாலர் ஆகியிருக்கிறது. விற்றால் அது திரும்ப வராது. வருடத்தில் இரண்டு மூன்று வார இறுதிகளைப் பராமரிப்புக்கு ஒதுக்க முடியாதவர்கள், மூடிய இடம் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். மரவேலையில் ஆசையும் ஒரு தகரக் கூரையும் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். வாங்குமுன் ஈரமானியை வாங்குங்கள்.

போன மாதம் பதினெட்டாம் எண் 17 காட்டியது. இடது பக்கச் சக்கரப் பெட்டிக்கு மேலே. இன்னும் பயப்படுகிற அளவு இல்லை. மார்ச்சில் வெயில் இருக்கும்போதே அந்தப் பக்கத்துக் கூரை விளிம்புப் பட்டியைக் கழற்றிப் பார்க்கப் போகிறோம். டேப் வாங்கி வைத்தாயிற்று.