1 ஹெச்பியா, 2 ஹெச்பியா? வீட்டுப் பட்டறைக்கு எந்தக் கம்ப்ரஸர்

மன்னார்குடிப் பக்கம் கொட்டகையில் சின்னப் பட்டறை போடுகிறவர்கள் கடைசியில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வந்து நிற்கிறார்கள்.

கரண்டு
1 ஹெச்பி: 746 வாட். வீட்டின் 16 ஆம்பியர் பிளக் போதும்.
2 ஹெச்பி: சுமார் 1,500 வாட். ஸ்டார்ட் ஆகும் நொடியில் பல மடங்கு இழுக்கும். தனி ஒயர், தனி எம்சிபி (கரண்டு அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) போடுங்கள்.

நம்ம ஊரில் சிக்கலே அந்த ஒரு நொடிதான். சுற்றிலும் பம்புசெட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 180க்கு இறங்கினால், மோட்டார் சுற்றாமல் 'உம்ம்' என்று முனகும். உடனே அணைக்காவிட்டால் கெப்பாசிட்டர் போகும், அப்புறம் மோட்டார் சுருளும் (காயில்) கருகும். எனக்கு ஒரு கெப்பாசிட்டர் அப்படித்தான் போனது.

காற்று
1 ஹெச்பி: டயருக்கு அடிக்க, தை அறுவடை முடிந்து டிராக்டர் ரேடியேட்டரில் அப்பிய உமித்தூசியை ஊத, தாராளம். பெரிய கதவுக்குப் பெயிண்ட் அடித்தால் பாதியில் மூச்சு வாங்கும்.
2 ஹெச்பி: 50 லிட்டர் டேங்கோடு, பீரோ, கதவு வரை ஸ்ப்ரே நிதானமாக ஓடும்.

ஹெச்பியை மட்டும் நம்பாதீர்கள். லேபிளில் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று தரும் என்ற அளவு) பார்த்து, உங்கள் ஸ்ப்ரே கன் கேட்கும் அளவோடு ஒப்பிடுங்கள்.

பராமரிப்பு
இரண்டுக்கும் ஒன்றுதான்: வேலை முடிந்ததும் டேங்க் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஐப்பசி ஈரத்தில் நிறையவே சேரும்.

பஞ்சர், தூசி வேலைக்கு 1 ஹெச்பி. பெயிண்டில் காசு பார்ப்பவருக்கு, வோல்டேஜ் சரியாக இருந்தால், 2 ஹெச்பி.