டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு ஊளைச் சத்தமா? உடனே டீசல் பம்பைக் கழற்ற விடாதீர்கள்

மட்டக்களப்பு – கல்முனை வீதியில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஒரு பழைய ஹையேஸ் வானுக்கு நடந்தது இது. டொயோட்டாவின் 5எல் டீசல் இஞ்சின். வான்காரரின் சம்மதத்தோடு எழுதுகிறோம். வேலை செய்த கராஜின் பெயரை இங்கே எழுதவில்லை.

பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டு, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு, டீசல் பம்ப் மூன்றையும் இணைத்து ஓட்டும் பல்லுள்ள பட்டிதான் டைமிங் பெல்ட். அதை மாற்றச் சொல்லும் டி-பெல்ட் லாம்பு டாஷ்போர்டில் எரிந்ததால் வானைக் கராஜில் விட்டார். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங், கேம், கிராங்க் ஒயில் சீல்கள் எல்லாம் புதிதாகப் போட்டதாகச் சொல்லிக் காசு வாங்கினார்கள். அடுத்த நாளிலிருந்து இஞ்சினில் மெல்லிய ஊளை. அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் கூடியது. திரும்பக் கொண்டுபோனபோது கிடைத்த பதில்: "புதுப் பெல்ட் தம்பி, ஆயிரம் கிலோமீற்றர் ஓடட்டும், மறுகா சரிவரும்." சரிவரவில்லை. மூன்றாம் தரம் போனபோது, சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் டீசல் பம்ப் போய்விட்டது என்றார்கள். பம்பைக் கழற்றி, ஓவரோல் செய்து, பூட்டினார்கள். ஊளை அப்படியே இருந்தது. கூடவே, முன்பு இல்லாத 'கட கட' அடியும் வந்து சேர்ந்தது.

வேறொரு இடத்தில் டைமிங் பெல்ட்டின் கவரைத் திறந்து பார்த்தபோது எல்லாம் தெரிந்தது. டென்ஷனர் பேரிங் பழையது, மாற்றவே இல்லை. பெல்ட்டைக் கம்பியால் நெம்பி இழுத்து, வில்நாண் மாதிரி இறுக்கிப் பூட்டியிருந்தார்கள். அதுதான் ஊளை. பம்ப் புல்லி ஒரு பல் முந்தி நின்றது. அதுதான் புதிதாக வந்த அடி. ஒன்றும் ஆகாத பம்புக்கு முழுக் காசும் போயிற்று.

புதுப் பெல்ட் ஓடி ஓடிச் சத்தம் அடங்கும் என்பதை நம்பாதீர்கள். சரியாகப் பூட்டிய பெல்ட் முதல் நாளே சத்தமில்லாமல் ஓடும். 3எல், 5எல் இஞ்சின்களில் பெல்ட்டை இழுத்துப் பிடிப்பது டென்ஷனரில் கொளுவியிருக்கும் ஸ்பிரிங்தான், மெக்கானிக்கின் கை அல்ல. முதலாம் சிலிண்டரின் பிஸ்டனை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, கிராங்க், கேம், பம்ப் மூன்றின் குறிகளையும் நேராக்கிப் பெல்ட்டைப் போட வேண்டும். பிறகு டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி ஸ்பிரிங்கை இழுக்க விட்டு, கிராங்க்கைக் கையால் இஞ்சின் சுற்றும் திசையில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். மூன்று குறிகளும் திரும்ப நேராக வந்து நின்றால் மட்டுமே போல்ட்டை இறுக்கலாம். இந்த இரண்டு சுற்றைத் தவிர்ப்பவர்கள்தான் நெம்புகோலை எடுக்கிறார்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமே தவிர, நெம்பி ஈடுகட்டக் கூடாது. அளவுக்கு மீறி இறுகிய பெல்ட் டென்ஷனர் பேரிங்கை மட்டுமல்ல, பம்பின் முன் பேரிங்கையும் தின்னும். அப்படியானால் 'பம்ப் போய்விட்டது' என்ற பொய் சில மாதத்தில் உண்மையாகவே ஆகிவிடும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முதலில் காசு செலவழிக்கத் தேவையில்லை. இஞ்சின் ஆறியிருக்கும்போது வெளியே உள்ள ஃபேன், ஒல்டனேட்டர், ஏசி பெல்ட்களைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அரை நிமிடம் போதும். இந்த இஞ்சின்களில் தண்ணீர்ப் பம்பும் வெளிப் பெல்ட்டில்தான் ஓடுகிறது. அதனால் அதற்கு மேல் ஓட விடாதீர்கள். பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்ப் ஒல்டனேட்டரோடு சேர்ந்தது என்பதால் அந்த நிலையில் வானை நகர்த்தவும் வேண்டாம். சத்தம் நின்றுவிட்டால் குறை ஒல்டனேட்டர், தண்ணீர்ப் பம்ப், ஏசி பேரிங்குகளில் ஒன்றில். நிற்கவில்லையா, டைமிங் கவருக்குள் பார்க்க வேண்டும். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை டென்ஷனர் போல்ட் இருக்கும் பக்கமும் பம்பின் உடம்பிலும் மாறி மாறி வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டால் வித்தியாசம் தெளிவாகவே கேட்கும். சால்வை, தொங்கும் சட்டைக்கையோடு கிட்டப் போகாதீர்கள்.

சத்தத்தின் குணமும் இடத்தைச் சொல்லும். வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை என்றால் இறுக்கம் அல்லது பேரிங். ஐடிலில், அதாவது அக்சிலேட்டரை மிதிக்காமல் இஞ்சின் ஓடும்போது, கவரில் தட்டுகிற மாதிரிக் கேட்டால் பெல்ட் தளர்வு. 'சர சர' என்று உரசினால் கிராங்க் புல்லிக்கு முன்னால் வரும் வழிகாட்டித் தட்டை விட்டுவிட்டார்கள், அல்லது மறுபக்கமாகப் போட்டுவிட்டார்கள். கவருக்குள் கறுப்புத் தூளும் பெல்ட் ஓரத்தில் நூலும் அதற்குச் சாட்சி. ஐடிலில் கனமான அடி விழுந்து கிராங்க் புல்லியும் ஆடினால் போல்ட் இறுகவில்லை. உடனே நிறுத்துங்கள், புல்லியைக் கிராங்க்கோடு பிடித்திருக்கும் சாவிக்கட்டை தேய்ந்தால் கிராங்க்கே பழுதாகும்.

'கட கட' என்ற டீசல் அடி என்றால் பம்ப் டீசலை அனுப்பும் நேரத்தைப் பாருங்கள். முந்தினால் கடுமையாக அடிக்கும். பிந்தினால் காலையில் ஸ்டார்ட் ஆகச் சுணங்கும், வெள்ளைப் புகை தள்ளும், இழுவை குறையும். பெல்ட்டில் ஒரு பல் தவறினாலே கிராங்க்கில் பத்துப் பாகைக்கு மேல் மாறுகிறது. பம்பைத் திருப்பிச் சமாளிக்கும் அளவல்ல அது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஒரு இன்ஜெக்டரின் பழுதும் இதே மாதிரி அடிக்கும் என்பதால் பிரித்தறிய வேண்டும். ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டராகக் குழாய் நட்டைச் சற்றுத் தளர்த்திப் பார்ப்பார்கள். ஒன்றைத் தளர்த்தும்போது மட்டும் அடி நின்றால் அந்தச் சிலிண்டரில் குறை. நான்கிலும் ஒரே மாதிரி அடித்தால் டைமிங். பழகியவர் மட்டும் செய்யட்டும். அந்த அழுத்தத்தில் பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே இழக்க நேரிடும்.

பம்பைக் கழற்றிப் பூட்டினால் டயல் கேஜ் என்ற நுண் அளவுக் கருவி வைத்து நேரம் அளந்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். காதால் கேட்டுத் திருப்பி வைப்பது அளவு அல்ல.

பேரிங் புதிதா பழையதா என்பதைக் கையாலேயே அறியலாம். நல்ல பேரிங்கைச் சுற்றிவிட்டால் உள்ளே கிரீஸ் பிடித்திருப்பதால் கனமாகச் சுற்றிச் சட்டென்று நிற்கும். வறண்டது பம்பரம் போல நெடுநேரம் சுற்றும், 'கிர்' என்று இரையும். லேசாகச் சுற்றுவதைக் காட்டி "பாருங்க, எவ்வளவு ஃப்ரீ" என்று சொன்னால் ஏமாறாதீர்கள். வேலைக்கு விடுமுன் பழைய டென்ஷனர் வெளியே தெரிந்தால் அதில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். பழைய பெல்ட், பேரிங், சீல் எல்லாவற்றையும் பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். கவர் மூடுமுன் மூன்று குறிகளையும் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான மெக்கானிக் பாஸ் இதற்குக் கோபிக்க மாட்டார். சாமானைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுத்தோம் என்றால் கடைப் பில்லையும் பாருங்கள். டி-பெல்ட் லாம்பு அணைந்ததைச் சாட்சியாக எடுக்காதீர்கள். அது ஓடிய தூரத்தைத்தான் எண்ணுகிறது. பெல்ட்டைத் தொடாமலே அணைக்கலாம்.

ஊளையோடு பிள்ளைகளை ஏற்றி ஓட வேண்டாம். பேரிங் இறுகினால் பெல்ட் பல் உரிந்துவிடும். பெல்ட் போனால் வால்வும் பிஸ்டனும் மோதும், ஓடும் வான் நடு ரோட்டில் நின்றுவிடும்.

முறைப்பாடு செய்ய நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சேவை பெற்று 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்த வான்காரர் மாட்டிக்கொண்டது பில்லில்தான். அவர் கையில் இருந்த பில்லில் எழுதியிருந்தது 'டைமிங் வேலை' என்ற ஒரே வரி, கீழே மொத்தத் தொகை. பேரிங் என்ற சொல்லே அதில் இல்லை. பெல்ட், டென்ஷனர் பேரிங், ஸ்பிரிங், ஒவ்வொரு சீல், கூலி என்று தனித்தனி வரியில், சாமான் இலக்கம், திகதி, ஓடிய கிலோமீற்றரோடு எழுதி வாங்கிய பிறகே காசைக் கொடுங்கள்.