ட்ரஸ் மாடல் செய்து தரும் ப்ராஜெக்ட் சென்டர்கள்: பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சிவில் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுக்குப் பணம் கட்டும் வீட்டாரும் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். என் தம்பியின் குழுவுக்கு ஐஸ் குச்சியில் ட்ரஸ் பாலம், அதாவது குச்சிகளை முக்கோணம் முக்கோணமாக இணைத்த பாலம், செய்யும் வேலை வந்தது. நீளம் 60 செ.மீ., நடுவில் எடை தொங்கவிடுவார்கள், செலவு குறைவாக இருக்க வேண்டும். ஊரில் ஒரு ப்ராஜெக்ட் சென்டர் 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, 50 கிலோ தாங்கும், ரிப்போர்ட்டும் தருகிறோம் என்று அடித்துச் சொன்னது. கல்லூரியில் 9 கிலோ ஏறியதுமே மேல் குச்சி பக்கவாட்டில் வில்லாக வளைந்து முறிந்துவிட்டது.

நான் கட்டட டிசைன் வேலையில் இருப்பவள். ரிப்போர்ட்டைப் புரட்டியதும் வயிறெரிந்தது. விசைகளெல்லாம் சரிதான், 50 கிலோ தொங்கும்போது மேல்வரிசைக் குச்சி ஒவ்வொன்றிலும் 368 நியூட்டன் அழுத்தம், குச்சி 10 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன், ஆக ஒரு சதுர மி.மீ.க்கு சுமார் 18 நியூட்டன், மரம் நசுங்க 40 ஆகும், எனவே 'சேஃப்' என்று முடித்துவிட்டார்கள். இவ்வளவு மெல்லிய குச்சி நசுங்கும் வரை காத்திருக்காது, அதற்கு முன்பே வளைந்துவிடும். பக்ளிங் என்கிற இந்த வளைவுக் கணக்கு எந்தப் பக்கத்திலும் இல்லை! எந்த விசையில் குச்சி வளையும் என்று சொல்லும் ஆய்லர் சூத்திரத்தில், மரத்தின் மீள்மை எண்ணை (அதன் விறைப்பின் அளவு) சதுர மி.மீ.க்கு 10,000 நியூட்டன் என்று வைத்து, 10 செ.மீ. குச்சிக்குப் போட்டால் சுமார் 66 நியூட்டன்தான் வருகிறது. 50 கிலோவுக்கு 368 நியூட்டன் என்றால், 66 நியூட்டன் பாலத்துக்கு ஏறக்குறைய 9 கிலோ, உடைந்த அதே எடை. மேல் குச்சிகளை இரண்டிரண்டாக முகத்தோடு முகம் ஒட்டியிருந்தால் தடிமன் இரட்டிப்பாகி வளைவுக்கு எதிரான பலம் 8 மடங்காகும், 500 நியூட்டனைத் தாண்டும். கூடுதல் செலவு சில ரூபாய்தான்.

இணைப்புகள் இன்னும் மோசம். பெயின்டைச் சுரண்டினால் அடியில் க்ளூ கன் பசை, குச்சி நார்கூட ஒட்டாமல் வழவழவென்று கழன்று வந்தது. ஃபெவிகால் தடவி, கிளிப் மாட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டால் மரம் கிழியுமே தவிர ஒட்டு விடாது. அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் எதற்கு இந்த வேலையை எடுக்கிறார்கள்?

கேட்டதற்கு, "காலேஜ்ல லோடைத் தப்பா மாட்டியிருப்பாங்க மேடம், எல்லாருக்கும் இதே மாடல்தான் தர்றோம்" என்றார் கடைக்காரர். பில்லும் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டுதான். பணம் இன்னும் வரவில்லை.

ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்தவர்கள் ரிப்போர்ட்டில் பக்ளிங் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு வாளியை மாடலின் நடுவில் தொங்கவிட்டு, கடையிலேயே லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், லிட்டருக்கு ஒரு கிலோ. சொன்ன எடையைத் தாங்கினால் மட்டும் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.