பற்றுச்சீட்டுப் புத்தகம், சி.ஆர். கொப்பி, கூகுள் ஷீட்ஸ்: மாணவர் ஒன்றியக் கணக்குக்கு எது தாங்கும்?

புதிதாகத் தெரிவான பொருளாளர் கையில் முதல் நாள் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு பொலித்தீன் பைதான். உள்ளே பாதி கிழித்த டிக்கெட் புத்தகம், எழுத்து மங்கிய பில்கள், யார் எழுதியதென்று தெரியாத ஒரு கொப்பி. அதை வைத்துக்கொண்டு போன வருடக் கணக்கை யாராலும் சொல்ல முடியாது. திருட்டு நடந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நடந்ததா இல்லையா என்று காட்ட வழியே இல்லாமல் போவதுதான் பெரிய கேடு. நேர்மையாக உழைத்த பிள்ளையும் அதே சந்தேகத்தோடுதான் பட்டம் வாங்கிப் போகிறது.

பேராதனைக் கலகா சந்தி, கண்டி, ஹட்டன், பதுளை என்று மலையகத்தில் எங்கும் வாங்கக்கூடிய இரண்டு பொருட்களையும், காசில்லாமல் கிடைக்கும் ஒரு மென்பொருளையும் இங்கே மதிப்பிடுகிறோம். மூன்றிடமும் இரண்டே கேள்விகள்தான். எழுதியதைச் சத்தமில்லாமல் மாற்ற முடியுமா? ஒன்றியத்தில் எந்தப் பொறுப்பும் இல்லாத ஒரு முதலாம் வருட மாணவிக்கு அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியுமா?

முதலில் பற்றுச்சீட்டுப் புத்தகம். மூன்றிலும் இதற்குத்தான் முதலிடம், 5 க்கு 5. மற்ற இரண்டும் உள்ளே வந்த காசைத்தான் எழுதும். காசு உள்ளே வந்தது என்பதற்கே சாட்சி இந்தச் சீட்டு. காசு கொடுத்தவரிடம் ஒரு பிரதியும் புத்தகத்தில் ஒரு பிரதியும் இருப்பதால், பொருளாளர் தனியாக எதையும் மாற்ற முடியாது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடையில் தயாராகக் கிடைக்கும் புத்தகம் வேண்டாம். ஒரே இலக்கத்தொடர் உள்ள இன்னொரு புத்தகத்தை யாரும் எந்தக் கடையிலும் வாங்கலாம். அச்சகத்தில் ஒன்றியத்தின் பெயரும் தொடர் இலக்கமும் போட்டு அடியுங்கள். 100 இலக்கங்கள் கொண்ட புத்தகம் பத்து அடித்தால் 0001 இலிருந்து 1000 வரை வரும். அடுத்த வருடம் 1001 இலிருந்து தொடர வேண்டும், மீண்டும் 0001 போடக் கூடாது. அச்சகத்தின் பில்லில் இலக்கத்தொடரையும் எழுதி வாங்குங்கள். எத்தனை புத்தகம் அடிக்கப்பட்டது என்பதற்கு அதுதான் வெளியார் சாட்சி.

காபன் தாள் வைக்கும் வகையா, காபன் இல்லாமலே பிரதி விழும் வகையா? பின்னது கைக்குச் சுத்தம், விலை கூட. ஆனால் எழுதும் செட்டுக்குக் கீழே மட்டையைச் செருகாவிட்டால் அழுத்தம் அடுத்தடுத்த சீட்டுகளிலும் பதிந்து, 0046 இன் தொகை 0047 இன் பிரதியிலும் நிழலாகத் தெரியும். வெயில் படும் ஜன்னலோரத்தில் வைத்தால் பிரதியும் மங்கிவிடும். காபன் தாள் வகையில் வரும் சிக்கல் வேறு. ஒரே தாளைப் புத்தகம் முழுக்க ஓட்டினால் கடைசிப் பக்கங்கள் வாசிக்க முடியாமல் போகும். இடையில் ஒருமுறை மாற்றினால் போதும். நாங்கள் காபன் தாள் வகையைத்தான் சொல்வோம்.

பிழையாக எழுதிய சீட்டைக் கிழித்து எறியக் கூடாது. இரண்டு பிரதிகளையும் குறுக்கே கோடிட்டு, 'இரத்து' என்று எழுதி, புத்தகத்திலேயே பின் அடித்து விடுங்கள். கணக்காய்வில் முதலில் தேடுவது காணாமல் போன இலக்கத்தைத்தான். புத்தகங்களை யார் யாருக்குக் கொடுத்தோம் என்ற பதிவும் வேண்டும்: புத்தக இலக்கம், பெற்றவர், திகதி, கையொப்பம், திருப்பித் தந்த திகதி. இது இல்லாததால்தான் பொங்கல் விழா முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகும் ஏதோ ஒரு விடுதி அறையில் ஒரு புத்தகம் கிடக்கிறது.

டிக்கெட்டுக்கும் இதே சட்டம். 200 ரூபா டிக்கெட் 300 அடித்தோம் என்று வையுங்கள். விற்றது 262, திரும்பி வந்தது 31. கூட்டினால் 293. ஏழு டிக்கெட்டுக்குப் பதில் இல்லை, அதாவது 1,400 ரூபா. கையில் 52,400 ரூபா இருப்பதைக் காட்டி 'வரவு சரி' என்று சொல்வது போதாது. அந்த ஏழின் இலக்கங்களையும் அந்தப் புத்தகத்தை வாங்கிப் போனவர் பெயரையும் அறிக்கையில் எழுத வேண்டும். தொகை சின்னது என்று விடுவதும் சரியில்லை. நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்க வருடக்கணக்கில் போராடி 2021 இல்தான் பெற்ற தோட்டத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் கொடுத்த காசு அது.

அடுத்தது சி.ஆர். கொப்பி, வரவு செலவை எழுதும் காசேடாக. 5 க்கு 4. தடித்த மட்டை, தைத்த கட்டு, 120, 160, 200 பக்கங்களில் கிடைக்கும். ஒரு வருடத்துக்கு 200 பக்கம் தாராளம். தைத்த கட்டு என்பதுதான் இதன் பெலன். நடுவில் ஒரு தாளைக் கிழித்தால் அதோடு சேர்ந்த மறுபாதித் தாளும் தளர்ந்து காட்டிக் கொடுத்துவிடும். சுருள்கம்பிக் கொப்பியில் தாள் போனது தெரியாது, அதைக் கணக்குக்குத் தொடவே வேண்டாம்.

குறை என்னவென்றால் பக்க இலக்கம் அச்சிட்டு வராது. ஆகவே முதல் பதிவுக்கு முன்னரே பேனையால் எல்லாப் பக்கத்துக்கும் இலக்கமிட்டு, முதல் பக்கத்தில் 'இக்கொப்பி 1 முதல் 200 வரை பக்கங்கள் கொண்டது' என்று எழுதி, சிரேஷ்ட பொருளாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ்தான் நம் மாணவர் ஒன்றியங்கள் இயங்குகின்றன. சிரேஷ்ட பொருளாளராக விரிவுரையாளர் ஒருவர் இருப்பது வழக்கம். அவரைக் காசோலைக்குக் கையொப்பம் வைக்க மட்டும் தேடிப் போகிறோம். மாதம் ஒருமுறை கொப்பியோடு போனால் பாதிப் பிரச்சினை எழும்பவே எழும்பாது.

ஆறு நிரல் போதும்: திகதி, விபரம், சீட்டு இலக்கம், வரவு, செலவு, மீதி. பிழையை ஒற்றைக் கோட்டால் வெட்டி, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். டிப்பெக்ஸ் பூசிய காசேட்டை எந்தக் கணக்காய்வாளரும் நம்பமாட்டார். மாதக் கடைசியில் கையிருப்பை 5,000 தாள் எத்தனை, 1,000 எத்தனை, 500 எத்தனை என்று எண்ணி எழுதி, இரண்டு பேர் கையொப்பமிட வேண்டும்.

கொப்பி எவ்வளவு நல்லதானாலும் ஒரு பழக்கம் அதைச் செல்லாததாக்கிவிடும்: வந்த காசிலேயே செலவழிப்பது. வாசலில் டிக்கெட் விற்ற 18,000 ரூபாவிலிருந்து 6,500 ஐ எடுத்து சவுண்ட் செட்காரருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் 11,500 ஐ மட்டும் வரவாக எழுதுவார்கள். மீதி சரியாகத்தான் இருக்கும். ஆனால் வரவிலும் 6,500 குறைந்தது, செலவிலும் 6,500 காணாமல் போனது. அந்தச் சவுண்ட் செட்டுக்கு உண்மையில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்க இனி எந்த வரியும் இல்லை. ஒன்றியக் கணக்குகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். வந்தது முழுவதும் வங்கிக்குப் போக வேண்டும், கொடுப்பது வங்கியிலிருந்து அல்லது தனியாக வைத்த சில்லறைக் காசிலிருந்து வர வேண்டும். சில்லறைக் காசுக்கு 5,000 என்று ஒரு உச்ச வரம்பு வைத்தால் சிறிய ஒன்றியத்துக்குச் சரியாக இருக்கும்.

முற்பணமும் அப்படியே. விழாக் குழுவுக்கு 20,000 கொடுத்த அன்றே அதைச் செலவாக எழுதிவிட்டால் பில் கேட்க யாருக்கும் நினைவு வராது. 'முற்பணம்' என்று பெயரோடு எழுதி, ஏழு நாளுக்குள் 17,350 க்குப் பில்லும் 2,650 காசும் திரும்பி வந்த பிறகுதான் செலவாக்க வேண்டும்.

பில்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் ஊர்க் குளிரும் ஈரமும் இதில் விளையாடும். சுப்பர்மார்க்கட்டில் தரும் வழவழப்பான பில் வெப்பத்தால் அச்சாவது, மையே கிடையாது. சில மாதத்தில் வெறுந்தாளாகிவிடும். அதன் மேல் செலோடேப் ஒட்டினாலும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாலும் இன்னும் சீக்கிரம் அழியும். வாங்கிய அன்றே போட்டோக் கொப்பி எடுத்து, அசலோடு சேர்த்துக் கோவையில் போடுங்கள். ஹட்டன், நுவரெலியா பக்கம் மழைக்காலத்தில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும், நூல் கட்டுவதே மேல். லொறிக்காரர், பூக்காரர் போன்றோரிடம் அச்சிட்ட பில் இராது. அவர்களுக்கு உறுதிச்சீட்டு ஒன்றை நாமே எழுதி, என்ன வேலை, எவ்வளவு, யாருக்கு என்று போட்டுக் கையொப்பம் வாங்கினால் போதும்.

மூன்றாவது கூகுள் ஷீட்ஸ். காட்டுவதற்கு 5 க்கு 5, காப்பதற்கு 5 க்கு 2. கொப்பி பொருளாளரின் மேசையில்தான் இருக்கும். ஷீட்ஸ் சுட்டியை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மஸ்கெலியாவில் விடுமுறைக்குப் போயிருக்கும் பிள்ளையும் திறந்து பார்க்கலாம். கூட்டல் பிழையும் வராது. 'பார்க்க மட்டும்' என்ற அனுமதியோடு பகிருங்கள். தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் எதையும் பொதுப் பிரதியில் போடாதீர்கள், அவை உறுதிச்சீட்டில் இருந்தால் போதும்.

ஆனால் எதை எப்போது யார் மாற்றினார் என்று ஷீட்ஸ் வைத்திருக்கும் மாற்ற வரலாறு, பலர் நம்புவது போல எல்லோருக்கும் தெரியாது. திருத்தும் அனுமதி உள்ளவர்களால்தான் அதைத் திறக்க முடியும். பார்க்க மட்டும் அனுமதி பெற்ற மாணவருக்கு நேற்று 14,000 ஆக இருந்தது இன்று 16,000 ஆனது தெரியவே தெரியாது. கோப்பை நகலெடுத்துப் புதிய சுட்டி கொடுத்தால் பழைய வரலாறு நகலோடு வராது. இதற்கு மாற்று எளிது. மாதக் கடைசியில் பீ.டி.எஃப். ஆக இறக்கி குழுவில் போடுங்கள், அச்சுப் பிரதி ஒன்றை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். நூறு தொலைபேசிகளில் இறங்கிய பிரதியை யாராலும் திரும்பப் பெற முடியாது. ஒன்றியப் பொறுப்பில் இல்லாத ஒருவரைப் பொதுக்கூட்டத்தில் தெரிந்து, வரலாற்றைப் பார்க்க அவருக்குத் திருத்தும் அனுமதி கொடுத்துவிட்டு, எண்கள் உள்ள பகுதியைப் பூட்டியும் வைக்கலாம்.

இன்னொரு பொறி, கோப்பு யாருடைய பெயரில் இருக்கிறது என்பது. பொருளாளரின் சொந்த ஜீமெயிலில் இருந்தால் அவர் போகும்போது கணக்கும் போய்விடும். பல்கலைக்கழக மின்னஞ்சல் பட்டம் முடிந்தபின் மூடப்பட்டால் அதோடு சரி. ஒன்றியத்துக்கென்றே ஒரு ஜீமெயில் திறவுங்கள். இரண்டு வருடம் திறக்காமல் கிடக்கும் தனிக் கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம், இயங்காத சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மொழியைச் சொல்லாமல் விட முடியாது. தமிழ் பேசுவோர் சிறுபான்மையாக உள்ள பீடங்களில் கணக்கறிக்கை ஒரே மொழியில் வருவது சாதாரணமாகிவிட்டது. 1987 இன் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழிதான். அதைவிட நெருக்கமான காரணமும் நமக்கு உண்டு. தொழிலாளியின் கடனைத் துண்டில் எழுதி, அவரால் வாசிக்க முடியாத அந்தத் தாளாலேயே அவரைக் கட்டிவைத்த துண்டு முறை 1921 இல்தான் ஒழிந்தது. இன்றும் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நம் அம்மாமார் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பது சும்மா இல்லை. ஷீட்ஸில் தலைப்பு வரியை மும்மொழியிலும் போட ஒரு பின்னேரம் போதும். எண்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

நிவாரணச் சேகரிப்புக்கு இந்த மூன்றும் போதாது. 2014 இல் மீரியபெத்த மண்சரிவின்போதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் உதவி பெருமளவு பொருளாகவே வந்தது. அரிசி, பால்மா, போர்வை எல்லாம் காசேட்டில் ஏறாது. இன்னொரு சி.ஆர். கொப்பியில் பொருள், அளவு, தந்தவர், எந்தத் தோட்டத்தின் எந்தப் பிரிவுக்குப் போனது, அங்கே பெற்றவர் கையொப்பம் என்று தனியாக எழுதுங்கள். வந்தது 240 கிலோ அரிசி, கொடுத்தது 225 என்றால் மீதி 15 எங்கே என்பதற்கும் ஒரு வரி வேண்டும். பெரும்பாலும் பை கிழிந்து சிந்தியிருக்கும், அதையே எழுதுங்கள்.

இவ்வளவும் வாங்கி வைத்தும் ஒன்றியம் கணக்கைக் காட்ட மறுத்தால்? முதலில் ஒன்றியத்தின் யாப்பில் (அமைப்பு விதிகளில்) சொன்னபடி பொதுக்கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். பல்கலைக்கழக நிர்வாகத்திடம் உள்ள ஒன்றியக் கோவைகளுக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் உத்தியோகத்தர் முடிவெடுக்க வேண்டும். 'கணக்கு முழுவதும்' என்று கேட்டால் இழுபடும். எந்த வருடம், எந்த நிகழ்ச்சி, எந்தக் கொடுப்பனவு என்று குறித்துக் கேளுங்கள்.

எங்கள் பரிந்துரை, மூன்றும் சேர்ந்துதான். காசு குறைவென்றால் அச்சிட்ட பற்றுச்சீட்டும் சி.ஆர். கொப்பியும் முதலில், ஷீட்ஸ் பிறகு. தொலைபேசியை மட்டும் நம்பி இறங்குவதை நாங்கள் சொல்லமாட்டோம்.

வருடக் கடைசியில் பொலித்தீன் பைக்குப் பதிலாக ஒரு தாளில் கையளியுங்கள்: பாவித்த, பாவிக்காத புத்தகங்களின் இலக்கங்கள், காசோலைப் புத்தகத்தில் மிஞ்சிய இலக்கங்கள், வங்கி மீதி, தீராத முற்பணங்கள், தாள்வாரியாகக் கையிருப்பு. பழைய பொருளாளர், புதியவர், சிரேஷ்ட பொருளாளர் மூவரும் கையொப்பமிட வேண்டும். வங்கியில் கையொப்பக்காரர் மாற்றத்துக்கான கூட்டத் தீர்மானத்தையும் அன்றே எழுதிவிடுங்கள். ஒன்றிய ஜீமெயிலின் கடவுச்சொல்லோடு மீட்புத் தொலைபேசி இலக்கத்தையும் அந்த மேசையிலேயே மாற்றுங்கள். அதை விட்டால் ஆறு மாதம் கழித்து உள்நுழைவுக் குறியீடு பட்டம் முடித்துப் போனவரின் சிம்முக்குத்தான் போகும்.