பிளாக் ஷார்க்கா, அப்பாச்சியா? என் ஓட்டு எதுக்கு, ஏன்

டிசிஎஸ்ல (கம்ப்யூட்டர்ல நிஜம் மாதிரியே விமானம், ஹெலிகாப்டர் ஓட்டுற சிமுலேட்டர் கேம்) தாக்குதல் ஹெலிகாப்டர் வாங்கலாம்னு யோசிக்கிறவங்க பெரும்பாலும் இந்த ரெண்டுலதான் வந்து நிப்பாங்க, கேஏ-50 பிளாக் ஷார்க் இல்லன்னா ஏஎச்-64டி அப்பாச்சி. ரெண்டுமே என்கிட்ட இருக்கு, என் ஓட்டு பிளாக் ஷார்க்குக்குதான், முன்னாடியே சொல்லிடறேன்.

கிராபிக்ஸ் பத்தி பெருசா பேச ஒண்ணுமில்ல. அப்பாச்சி 2022ல வந்தது, பளபளன்னு இருக்கும். பிளாக் ஷார்க் 2008ல வந்தது, டிசிஎஸ்ங்கிற தொடரே அதுலதான் ஆரம்பிச்சுது, ஆனா நடுவுல காக்பிட்டை புதுசா பண்ணிட்டாங்க, பழசுன்னு தெரியாது.

ஆயுதத்துல அப்பாச்சி ஒரு படி மேல. 16 ஹெல்ஃபயர் மிசைல் வரைக்கும் மாட்டலாம், மலைக்கு பின்னாடி ஒளிஞ்சு நின்னு விட்டுட்டு வேற யாராவது டார்கெட் மேல லேசர் அடிச்சா கூட போதும். பிளாக் ஷார்க்ல 12 விக்ர், வேகமா போகும், ஆனா அது நம்ம லேசரைப் பிடிச்சுக்கிட்டே போற மிசைல், போய் அடிக்கிற வரைக்கும் மூக்கை டார்கெட் பக்கம் வெச்சுக்கிட்டு வெளிய தலையை நீட்டிக்கிட்டுதான் நிக்கணும்.

அப்புறம் எதுக்கு பிளாக் ஷார்க்? கொஞ்ச நாள் தொடாம விட்டுட்டு திரும்ப வந்தா கைக்கு எது வருதுங்கிறதுதான் எனக்கு முக்கியம், ஏன்னா நம்மள்ல யாரும் தினமும் பறக்கிறதில்ல, வேலை, வீடுன்னு நடுவுல மாசக்கணக்கா கேப் விழும். பிளாக் ஷார்க் ஒரே ஆள் ஓட்டுற மெஷின், மேல கீழ ரெண்டு ரோட்டரும் எதிரெதிரா சுத்துறதால டார்க் (ஹெலிகாப்டர் உடம்பையே திருப்பப் பாக்குற விசை) அங்கயே சரியாயிடும், கலெக்டிவை (மேல ஏத்தி இறக்குற லீவர்) இழுத்தாலும் பெடலை மிதிச்சு மூக்கைப் பிடிக்கிற வேலை கிடையாது. ஹோவர்ல, அதாவது ஒரே இடத்துல அந்தரத்துல நிக்கும்போது, ஆட்டோபைலட் பிடிச்சுக்கும், பிட்ச், ரோல், ஹெடிங், உயரம்னு நாலு சேனல், டார்கெட் பக்கம் தானா திரும்புற மோடு கூட இருக்கு, நாம ஷ்க்வால் (டார்கெட் பாக்குற டிவி கேமரா) ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டு இருந்தா போதும். ஸ்விட்ச் எல்லாம் அதது இடத்துல நிரந்தரமா இருக்கு, மூளை மறந்தாலும் கை தேடிப் போயிடும். அப்பாச்சில அதே வேலை ஸ்க்ரீன்ல பேஜுக்குள்ள பேஜா ஒளிஞ்சிருக்கும், கலெக்டிவை ஏத்தினா மூக்கு வலது பக்கம் ஓடும், இடது பெடல் குடுக்கணும், இதெல்லாம் கேப் விட்டா முதல்ல மறக்கிற விஷயம். நான் திரும்ப வரும்போதெல்லாம் முதல் சாயங்காலம் முழுக்க ஹோவர் பழகறதுலயே போயிடுது.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பிளாக் ஷார்க்ல ட்ரிம் பட்டனை (இப்ப இருக்கிற நிலையையே பிடிச்சு வெக்கச் சொல்ற பட்டன்) அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே திருப்பிட்டு அப்புறம் விடணும், இல்லன்னா ஆட்டோபைலட் பழைய நிலைக்கே இழுத்துக்கிட்டுப் போகும். "ஹெலிகாப்டர் என்கூட சண்டை போடுது"ன்னு புலம்புறவங்கள்ல பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சனையா இருக்கும்.

அப்பாச்சியோட ரேடார் நான் கொஞ்சம்தான் தொட்டிருக்கேன், நிஜ ஆளை முன் சீட்ல உக்கார வெச்சு ஆடினதும் கம்மி, பெரும்பாலும் கேம்லயே வர்ற ஜார்ஜ் ஏஐதான் எனக்கு கன்னர், அவன் பரவாயில்ல, டார்கெட்டைத் தேடி லிஸ்ட் போட்டுக் குடுப்பான். கூட ஆட ஃப்ரெண்ட் இருந்தா கணக்கே மாறலாம். ராத்திரி மிஷன் அதிகம் ஆடுறவங்களும் யோசிக்காம அப்பாச்சி எடுங்க, பிளாக் ஷார்க்ல தெர்மல் கேமரா கிடையாது, நைட் விஷன் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இருட்டுல டாங்க் தேடுறது பெரிய கொடுமை.