ஹூனானா, செஜியாங்கா, ஜியாங்சுவா: சீன மாகாண சேனல்களில் எது முந்தி நிற்கிறது?

சீனாவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் சொந்தமாக ஒரு செயற்கைக்கோள் சேனல் உண்டு. எல்லாமே அரசுடைமை. இரவு 7 மணிக்கு அத்தனை சேனல்களிலும் பெய்ஜிங்கிலிருந்து வரும், சிசிடிவி என்ற மத்திய அரசுத் தொலைக்காட்சியின் செய்திதான் ஓடும். உண்மையான போட்டி 7.30 மணிக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்தப் போட்டியில் பல வருடங்களாக மூன்று பெயர்கள் அடிபடுகின்றன: சாங்ஷாவிலிருந்து ஹூனான், ஹாங்சோவிலிருந்து செஜியாங், நான்ஜிங்கிலிருந்து ஜியாங்சு.

இதில் செஜியாங்கும் ஜியாங்சுவும் கடலோரப் பணக்கார மாகாணங்கள். ஹூனான் உள்நாட்டில் இருக்கிறது, அந்த அளவுக்கு வசதியும் கிடையாது. அப்படியிருந்தும் பொழுதுபோக்கு என்றால் ஹூனான்தான் என்று நாடே நினைக்கும்படி செய்தார்கள். 1997-ல் தொடங்கிய 'ஹேப்பி கேம்ப்' என்ற கேளிக்கை நிகழ்ச்சி 2021 வரை ஓடியது. அதன் தொகுப்பாளர் ஹே ஜியோங் இருபது வருடங்களுக்கும் மேலாக அதே மேடையில் நின்றார். 2005-ல் 'சூப்பர் கேர்ள்' பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில் லி யூச்சுனுக்கு மட்டும் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட எஸ்எம்எஸ் ஓட்டுகள் விழுந்தன. கட்டை முடி, பேன்ட் சட்டை, ஆண் பாடகர்களின் பாடல்கள் என்று வந்த ஒரு பெண்ணை மக்களே நட்சத்திரமாக்கினார்கள். சீனத் தொலைக்காட்சியில் அதற்கு இணையான இன்னொரு தருணம் என் நினைவில் இல்லை.

செஜியாங்கின் பெரிய வெற்றி 2012-ல் வந்தது: 'தி வாய்ஸ் ஆஃப் சைனா'. நெதர்லாந்தில் பிறந்த பாட்டுப் போட்டி வடிவம் அது. நடுவர்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, குரல் பிடித்தால் மட்டும் திரும்புவார்கள். இங்கேதான் ஹூனானுக்கும் செஜியாங்குக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. அந்த நிகழ்ச்சியைத் தயாரித்தது கான்சிங் என்ற வெளி நிறுவனம். விளம்பர வருமானத்தில் அதற்கும் பங்கு. தரத்துக்கு இது நல்லதுதான், ஒலியும் மேடையும் அசத்தலாக இருந்தன. ஆனால் 2016-ல் உரிமம் கைமாறியதும் தகராறு வெடித்து, பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. தென்கொரியாவின் 'ரன்னிங் மேன்' விளையாட்டு நிகழ்ச்சியின் வடிவத்தில் 2014-ல் தொடங்கிய நிகழ்ச்சியும் கடன் வாங்கியதுதான், அது இன்னும் நன்றாகவே ஓடுகிறது.

சரி, ஹூனான் மட்டும் கடன் வாங்கவில்லையா? வாங்கியது. பொழுதுபோக்கு அளவு மீறிவிட்டது என்று அரசு 2012 முதல் கட்டுப்பாடு போட்டது. முக்கிய நேரத்தில் ஒரு சேனலுக்கு வாரம் இரண்டு பொழுதுபோக்கு நிகழ்ச்சிதான். அதற்கடுத்த வருடமே ஹூனான், தென்கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சியிடமிருந்து 'ஐ ஆம் எ சிங்கர்', 'அப்பா எங்கே போகிறோம்' இரண்டையும் வாங்கிக் கலக்கியது. ஆனால் எடுத்தது அதன் சொந்தக் குழுக்கள். அந்த அனுபவம் சேனலுக்குள்ளேயே தங்கியது. 2014-ல் தன் நிகழ்ச்சிகளை மற்ற வீடியோ தளங்களுக்கு விற்பதை நிறுத்தி, சொந்தத் தளமான மேங்கோ டிவியில் மட்டும் கொடுக்க ஆரம்பித்தது. பெரிய இணைய நிறுவனங்களை நம்பி இருக்காமல் தப்பித்தது அதனால்தான். மூன்றில் என் ஓட்டு ஹூனானுக்கே.

ஜியாங்சுவை இந்தக் கணக்கில் அளக்கவே கூடாது. 2010-ல் தொடங்கிய 'இஃப் யூ ஆர் தி ஒன்' என்ற ஜோடி தேடும் நிகழ்ச்சியில் 24 பெண்கள், எதிரே ஒரு ஆண். பிடிக்காத பெண் விளக்கை அணைத்துவிடுவாள். வீடு, சம்பளம், மாமியார் என்று எல்லாம் வெளிப்படையாகப் பேசப்படும். பணப் பேச்சு முகம் சுளிக்க வைக்கிறது என்று அதே வருடம் அதிகாரிகள் கண்டித்து அடக்கினார்கள். அப்புறமும் தொகுப்பாளர் மெங் ஃபெய்யின் நிதானமான நடத்தலால் அது நிலைத்தது. ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தொலைக்காட்சி அதை ஆங்கில சப்டைட்டிலோடு ஒளிபரப்பியபோது, சீன மொழி தெரியாதவர்களும் விரும்பிப் பார்த்தார்கள்.

சீன டிவி இதுவரை பார்த்ததில்லை என்றால் ஜியாங்சுவின் அந்த நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குங்கள். சப்டைட்டில் இருந்தால் போதும், யார் எதற்கு விளக்கை அணைக்கிறார்கள் என்பது முதல் பத்து நிமிடத்திலேயே பிடிபட்டுவிடும். ஹூனானின் நிகழ்ச்சிகளுக்கு அங்கே வரும் நட்சத்திரங்களைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.